அத்தை படுத்துப் பார்த்த சோபாக்கள்

1. அப்பா முன்கூடத்தில் இரண்டாவது தறி போடுவதென்று முடிவு செய்தார்.

2. அந்தக் கூடத்தில் படுத்துவந்த அத்தையை ஆரணியில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அம்மா சொன்னாள்.

3. அத்தை போகமாட்டேன் என்றாள்.

4. பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் ஆகிற சோபா ஒன்று மெட்ராஸில் கிடைக்கிறது என்று நான் சொன்னேன்.

5. அத்தை என்னோடு மெட்ராஸ் வந்து, ஒரே கடையில், நான்கு சோபாக்களில் படுத்துப் பார்த்தாள்.

6. ஒன்றையும் வாங்கவில்லை.

7. நான் படம் வரைந்தேன். ஆசாரி செய்து கொடுத்தார்.

8. அது இரண்டு அங்குலம் குறைந்துபோயிற்று. தவறு என்னுடையது.

வரிசைப்படி சொன்னால் ஒரு தாளில் பாதிதான் வருகிறது. நான் எதையும் முதலில் இப்படித்தான் எழுதிக்கொள்வேன். கட்டடப் படம் வரையப் படித்தவளுக்கு வரும் பழக்கம். ஆனால் இதில் அத்தை எப்படிப்பட்டவள் என்பது ஐந்தாவது வரியில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

அத்தை எந்தப் பொருளையும் பார்த்து வாங்கியதில்லை. உடம்பால் சோதித்துத்தான் வாங்குவாள். செருப்பு வாங்கினால் அதைப் போட்டுக்கொண்டு வரதராஜர் கோயில் மதிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் விலை பேசுவாள். கடைக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை குடை வாங்கப் போனவள், கடைக்கு எதிரே இருந்த குழாயடியில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க வந்த பெண்ணிடம், "ஒரு கொடம் மேல ஊத்தும்மா" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். குடை ஒழுகியது. அத்தை நனைந்த தோளோடு திரும்பிவந்து குடையை மேசைமேல் வைத்து, "இது வெயிலுக்குத்தாம்பா ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"கண்ணு ஏமாறும், முதுகு ஏமாறாது" என்பது அவள் பேச்சு. சாப்பாட்டுக்கும் சொல்வாள், சம்பந்தத்துக்கும் சொல்வாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். பத்தொன்பது வயதில் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு வரன் வந்தது. தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு என்று அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவதுபோல ஒரு சிநேகிதியோடு போன அத்தை, அந்த வீட்டுக் கொல்லையில் நுழைந்து, வரிசையாகப் பத்துக் குடம் தண்ணீர் இழுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "தண்ணி இனிப்புதான். கயிறு கைய அறுக்குது. தெனம் முப்பது கொடம் என்னால ஆவாது." அதற்குள் பெண் கிணற்றைச் சோதிக்க வந்த கதை அந்த ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த வரன் போயிற்று. பிறகு வேறு வரன் வரவில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அவள் தொழில் பாவு பிணைப்பது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், நெய்து முடியும்போது, அதன் கடைசி இழைகளை அறுக்காமல் விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் தெருவையும் பக்கத்து இரண்டு தெருக்களையும் சேர்த்து எந்த வீட்டில் பாவு முடிந்தாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் குனிந்தால் மாலையில்தான் தலை நிமிர்வாள். அதனால் நடக்கும்போதும் கொஞ்சம் குனிந்தே நடப்பாள்.

படுப்பதும் அப்படித்தான். முன்கூடத்தில் நூல் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே நாலரை அடி இடம். முழங்காலை மார்புவரை மடக்கி, அதில் இருபது வருடம் படுத்தவள் அவள்.

எனக்கு அவள் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். மெட்ராஸில் பெண்கள் பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்தபோது, விடுதியில் விட அப்பாவுக்கு மனமில்லை. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று அத்தை கிளம்பினாள். வார்டன் அம்மாள் சமையலறையைக் காட்டினார், குளியலறையைக் காட்டினார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எனக்கு ஒதுக்கியிருந்த இரும்புக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். பட்டப்பகல். மற்றப் பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவள் வலப்பக்கம் புரண்டாள், இடப்பக்கம் புரண்டாள், மல்லாந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தாள். ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்ல கட்டில்ணே, இவ படுத்துப் படிக்கலாம்." அப்பா அதன்பிறகு மறுக்கவில்லை.

ஆகவே, நான் டிப்ளமா முடித்து வீட்டுக்கு வந்த வருடம் இரண்டாவது தறிப் பேச்சு எழுந்தபோது, அத்தைக்குப் படுக்கை பார்ப்பது என் முறை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. ஒரு தறி போதவில்லை. உள்கூடத்தில் முதல் தறியும் நாங்களும். மிச்சம் இருந்தது முன்கூடம்தான். ஆவணியில் குழி வெட்டிக் கம்பம் நட வேண்டும் என்று நாளும் பார்த்துவிட்டார்.

"ஆரணியில சின்னவன் ஊடு பெருசு. அங்க போயி நிம்மதியா இரேன்மா" என்றாள் அம்மா.

"அங்க எனக்கு இன்னா வேல அண்ணி?"

"வேல செய்யாட்டி இன்னா? உன்ன யாரு கேக்கப் போறாங்க?"

"அதான் சொல்றேன். இங்க மூணு தெரு என்னைக் கேக்குது. அங்க யாரு கேப்பாங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "எடம் எங்கம்மா இருக்குது? நீயே சொல்லு."

"எடம் நாங்க பாத்துக்கறோம்ணே. நீ தறிக்கு எம்மாம் வேணும்னு மட்டும் சொல்லு."

நாங்கள் என்றது என்னையும் சேர்த்து. அன்றே டேப்பை எடுத்து அளந்தேன். தறியும், நெய்பவர் கால் தொங்கவிடும் குழியும் போக, மேற்குச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு பட்டை இடம் மிஞ்சியது. அதன் வடக்கு முனையில் சுவர். தெற்கு முனையில், பாவை இழுத்துக் கட்டும் கம்பம் வரும். அப்பாவும் அம்மாவும் போட்ட நிபந்தனைகளை நோட்டில் குறித்துக்கொண்டேன். பகலில் நான்கடிக்கு மேல் அடைக்கக்கூடாது, தறிக்குப் போக வழி வேண்டும். குழிக்கு மேல் எதையும் விரிக்கக்கூடாது, அது நெசவு செய்கிற இடம். வடக்கே தலை வைக்கக்கூடாது. கம்பத்தின் பக்கம் கால் நீட்டக்கூடாது. புடவை பார்க்கப் பட்டுக்கடை ஆள் வந்தால் அவர் மரியாதையாக உட்கார வசதி வேண்டும்.

"இம்மாம் சட்டம் போட்டா தேவலோகத்துலதான் சோபா செய்யணும்" என்றாள் அத்தை. ஆனாலும் மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

மவுண்ட் ரோட்டில் பெரிய கடை. மின்விசிறிகள், கண்ணாடி, வார்னிஷ் வாசனை. கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர் ஒருவர், சோபாவின் அடியில் இருந்த கம்பியை இழுத்து, "ஒரே நிமிஷம், கட்டில்!" என்று விரித்துக் காட்டினார். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, அம்மா! இன்னா பண்றீங்க?"

"படுக்கறேன்."

"இது கடைம்மா!"

"கடைன்னு தெரியுதுப்பா. படுக்கற சாமானை நின்னுக்கினு எப்பிடி வாங்கறது?"

"உக்காந்து பாருங்களேன், போதும்."

"உக்கார எங்க ஊட்ல தரை இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டாவது சோபாவில் அவள் படுத்திருந்தபோது, கணவரோடு வந்திருந்த ஒரு பட்டணத்து அம்மாள் மெதுவாகக் கிட்டே வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நடுவுல ஒரு கம்பி இடுப்பப் புடிச்சிக்கினு இருக்குதும்மா. அதோ, அந்தச் செவப்பு தேவல."

அந்த அம்மாள் சிவப்புச் சோபாவைப் போய்ப் பார்க்கலானார். விற்பனையாளர் அதற்குப் பிறகு அத்தையைத் தடுக்கவில்லை. நான்காவதற்குத் தலையணைகூடக் கொண்டுவந்தார்.

முதலாவது அகலம் அதிகம். இரண்டாவதில் கம்பி. மூன்றாவது சிவப்பு, நல்ல மெத்தை, ஆனால் பகலிலேயே ஆறடி. நான்காவது மட்டும்தான் நான்கடிக்குள் அடங்கியது. ஆனால் அதுவும் மற்றவற்றைப்போல முன்பக்கமாகத்தான் விரிந்தது. எங்கள் வீட்டில் முன்பக்கம் விரித்தால் நேராகத் தறிக்குழிமேல் வந்து நிற்கும். பக்கவாட்டில் நீள்கிற சோபா உண்டா என்று கேட்டேன்.

"அப்படி யாரும் கேட்டதில்லையே" என்றார்.

"நாங்க கேக்கறோமே" என்றாள் அத்தை, செருப்பைப் போட்டுக்கொண்டே.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தாள். பூந்தமல்லி தாண்டியதும், "நீ வரையேன்டி" என்றாள்.

வரைந்தேன். இரண்டு கைவிரல்களைக் கோத்துக்கொண்டு மெல்லப் பிரிப்பதுபோல, ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கிய மரச்சட்டங்கள். பாதிச் சட்டங்கள் வடக்குச் சுவர் ஓரத்துக் கைப்பிடியோடு நிலையாக நிற்கும். மீதிப் பாதி, தெற்குக் கைப்பிடியோடு சேர்ந்து வெளியே நகரும். பகலில் நான்கடி. இரவில் அத்தையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. தலை தெற்கே, கால் வடக்குச் சுவர் பக்கம். எல்லா நிபந்தனைகளும் நிறைவேறின.

அத்தையின் நீளம் என்ன என்பதுதான் கேள்வி. நிற்கவைத்து டேப்பால் அளந்தேன். ஐந்தடி ஐந்தரை அங்குலம்.

"நின்னா ஒண்ணு, படுத்தா ஒண்ணுடி. படுக்கவச்சு அள" என்றாள்.

அம்மா பதறி வந்தாள். "படுத்திருக்கறவளை டேப்பு வச்சு அளக்காத! பாடை கட்டத்தான் அப்பிடி அளப்பாங்க."

அதற்கு அத்தையே வழி சொன்னாள். பாவில் கழிந்த பட்டு இழை ஒன்றை எடுத்து, ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு தரையில் படுத்தாள். மறு நுனியை உச்சந்தலையில் நான் பிடித்தேன். இழையைக் கண்டால் அவள் உடம்பு சும்மா இருக்காது. விரலால் அதை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். நான் தலைப்பக்கத்தில் அறுத்தேன். மறுநாள் அந்த இழையை மேசைமேல் விட்டு, அளவுகோலை வைத்துப் படித்தேன். ஐந்தடி ஆறு. நின்ற அளவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்பா கம்பத்தை எங்கே நடலாம் என்று கேட்டபோது, அந்த அளவை வைத்து, நீட்டிய கைப்பிடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை விட்டுத் தரையில் சுண்ணாம்பால் புள்ளி வைத்தேன். நல்ல நாளில் மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, அந்தப் புள்ளியிலேயே கம்பத்தை நட்டார்கள்.

ஆசாரி கோயில் வாகனங்களைப் பழுது பார்ப்பவர். என் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "நான் குதிர வாகனம் செஞ்சவன், யானை வாகனம் செஞ்சவன். நீளற வாகனம் இப்பத்தாம்மா செய்யறேன்" என்றார். செய்துகொண்டிருக்கும்போதே அத்தை பட்டறைக்குப் போய்ப் படுத்துப் பார்க்கக் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். "வேணாம் அத்தை. படம் சரியா இருக்குது. படிச்சுட்டு வந்திருக்கறேன் இல்ல?"

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். படுத்துப் பார்க்காமல் அவள் ஒப்புக்கொண்ட பொருள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

புதுத் தறியில் பாவு ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு பிற்பகலில் சோபா வந்தது. ஆசாரி இழுத்துக் காட்டினார். சட்டங்கள் முனகாமல் நகர்ந்தன. கைப்பிடி, கம்பத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. நான் வரைந்தபடியே எல்லாம். அத்தை ஏறிப் படுத்தாள். தலை தெற்குக் கைப்பிடியில் முட்டியது. குதிகால்கள் வடக்குக் கைப்பிடியின்மேல் ஏறி நின்றன.

அத்தை கொஞ்சம் கீழே இறங்கிப் படுத்தாள். பிறகு மேலே ஏறிப் படுத்தாள். அவள் நேராகப் படுத்து அப்போதுதான் நான் கவனித்துப் பார்க்கிறேன். அந்த இழை. பட்டு இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எங்கள் தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இழுத்து அளந்ததைத் தளரவிட்டுப் படித்திருக்கிறேன். நிற்கும்போது அவள் கூன் தின்றதும் இழை சுருங்கியதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்து என்னை ஏமாற்றிவிட்டன.

"அத்தை, தப்பு என்னோடது" என்றேன்.

அம்மா சமாதானமாகச் சொன்னாள். "இப்ப இன்னா ஆயிப்போச்சு? முட்டிய லேசா மடக்கிக்க. இத்தினி வருசமா மடக்கித்தான படுத்த?"

"மடக்கிப் படுக்க ஆரணியிலயே எடம் இருக்குது அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. மேலே கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆசாரி, தெற்குப் பக்கம் இன்னும் நான்கு விரல் இழுக்கும்படி சட்டத்தை மாற்றித் தர முடியும் என்றார். "ஆனா கம்பம் இடிக்குமே" என்று அவரே சொல்லி நிறுத்திக்கொண்டார். நட்ட கம்பத்தைப் பிடுங்குவது வீட்டுக்கு ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரம் அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அப்பா வீட்டுக்குள் வந்தால் அத்தை உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவாள். அண்ணன் எதிரே கால் நீட்டி உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. "ஏந்திரு, ஏந்திரு, அவரு வந்துட்டாரு" என்றாள் அம்மா.

அத்தை எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை வயிற்றின்மேல் கோத்துவைத்துக்கொண்டு, அப்படியே கிடந்தாள்.

அப்பா நிலைப்படியில் நின்றுவிட்டார். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கறேன்ணே."

"அப்ப ஏந்திரு."

"ஏந்திரிச்சா உனக்குத் தெரியாதுணே. இப்பிடியே பாரு."

அப்பா பார்த்தார். தலையைப் பார்த்தார். கைப்பிடிமேல் ஏறி நின்ற குதிகால்களைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"நீ இம்மாம் நீட்டா?"

"நீ குனிஞ்ச ஆளத்தான பாத்திருக்கற."

நான் இழை விஷயத்தைச் சொன்னேன். வாய் குழறாமல், ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி முடித்தேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டைத் தளத்திப் போட்டு அளந்தியா? நெசவுக்காரன் பொண்ணு! வெளிய சொல்லாத."

பிறகு சிரிப்பு நின்றது. கம்பத்தைப் பார்த்தார். அதில் மஞ்சள் இன்னும் காய்ந்து உதிராமல் இருந்தது.

"நட்டதைப் புடுங்கக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

"யாரு புடுங்கறது? நகத்தறேன்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கடப்பாரை எங்க?"

அத்தை அப்போதுதான் எழுந்தாள். நான் மறுபடி அளக்க ஓர் இழை கேட்டேன்.

"இழையும் வேணாம், ஒண்ணும் வேணாம். டேப்பை எடுடி" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தாள். அம்மா வாயைத் திறப்பதற்குள், "பாடைக்கும் இதே அளவு உதவும் அண்ணி, ஒரு வேல மிச்சம்" என்றாள். ஐந்தடி எட்டு.

கம்பம் நான்கு விரல் தெற்கே போயிற்று. கம்பம் இருந்த பழைய குழியைச் சுண்ணாம்பும் செங்கல் துண்டும் போட்டு அடைத்தார்கள். மறுபடி கற்பூரம். ஆசாரி மூன்றாம் நாள் சோபாவை மாற்றிக் கொண்டுவந்தார். இந்த முறை அத்தை பட்டறையிலேயே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றவிட்டாள். நான் தடுக்கவில்லை.

ஆறு வருடம் அதில் நீட்டிப் படுத்தாள். பட்டுக்கடை ஆள் பகலில் அதில் உட்கார்ந்து புடவை பார்த்தார். அதை இழுத்தால் கட்டில் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போதைய நிலை: அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு தறிகளும் ஓடுகின்றன. எனக்கு மெட்ராஸில் வேலை. ஊருக்குப் போனால் அந்தச் சோபாவில்தான் படுக்கிறேன். என் உயரத்துக்கு அதில் ஏழு அங்குலம் மிச்சம். கம்பம் நான்கு விரல் தள்ளியே நிற்கிறது. தறிக்கு இடம் இடிக்கிறது என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.